மஞ்சள் விளக்கும் கடுகண்ணாவை ஏற்றமும்

கண்டியில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நீண்ட காலம் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்ற அந்த டீச்சர், எரிதல் பற்றிய முதல் பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவருடைய அப்பா கிளாக்கராக இருந்தார். அப்பாவின் மொரிஸ் மைனரின் பொனட்டுக்கு அடியில்தான் அந்தப் பாடம் தொடங்கியது.

அந்தக் காரின் முன்பலகை நடுவில் வட்டமாக ஒரு பெரிய வேகமானி. அதற்குள்ளேயே பெற்றோல் முள். சார்ஜ் ஏறாவிட்டால் எரிய ஒரு சின்ன விளக்கு, ஒயில் அழுத்தம் இறங்கினால் எரிய இன்னொன்று. எஞ்சின் ஒழுங்காக எரிக்கிறதா என்று சொல்ல ஓர் ஏற்பாடும் கிடையாது; அதை அப்பாவே பார்த்துக்கொண்டார். மாதத்தில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பிளக்கையும் கழற்றி, பழைய வீரகேசரித் தாளில் வரிசையாக வைத்துவிட்டு மகளைக் கூப்பிடுவார்.

"என்ன நிறம், சொல்லு பாப்போம்."

முனை இளம் மண்ணிறமாக இருந்தால் எல்லாம் சரி. கரிப்பொடி படிந்து கறுத்திருந்தால் பெற்றோல் கூடிவிட்டது, காற்று போதவில்லை. வெளுத்திருந்தால் பெற்றோல் குறைந்து சூடு ஏறுகிறது. ஈரமாக, ஒயில் பிசுபிசுப்போடு இருந்தால் அப்பாவின் முகம் கறுக்கும். ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலம். இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புதுக் கார் என்ற பேச்சே நாட்டில் இல்லை. ரிங் செற் கிடைப்பது குதிரைக்கொம்பு. இருக்கிற காரை எப்படியாவது ஓடவைப்பதில்தான் ஊரிலுள்ள கராஜ்காரர்கள் எல்லோருக்கும் கை தேர்ந்தது.

கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று நுவரெலியாவுக்கு ஏறிய நாட்களில் நான்கு பிளக்கும் கறுத்துவிடும். 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்தது காபரேட்டருக்குத் தெரியாது. கீழே கொடுத்த கணக்கில் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். அப்பா மேலே போனதும் காபரேட்டருக்கு அடியில் உள்ள நட்டைக் கொஞ்சம் திருப்பிக் குறைப்பார். இறங்கிவந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார். "இங்க காத்து இளசு" என்பதே அவருடைய பௌதிகவியல்.

அவர் நட்டைத் திருப்பிச் செய்த வேலையை இப்போது சைலன்சர் குழாயில் செருகியிருக்கும் ஒட்சிசன் சென்சர் ஒன்று பார்க்கிறது. பொஷ் நிறுவனம் செய்த அந்தச் சென்சர் 1976இல் அமெரிக்காவுக்குப் போன வொல்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. ஒரு கிராம் பெற்றோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருந்தால் சென்சரின் மின்னழுத்தம் 0.1 வோல்ற்றுக்கு அருகில் இறங்கும். பெற்றோல் கூடி ஒட்சிசன் இல்லாமல் போனால் 0.9 வரை ஏறும். எஞ்சினின் கம்பியூட்டர் அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துச் செக்கனுக்குச் செக்கன் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது. தன்னால் கூட்டிக் குறைத்துச் சமாளிக்க முடியாத எல்லைக்கு விஷயம் போனால்தான் சாரதிக்குச் சொல்கிறது. அப்போது எரிவதுதான் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு.

டீச்சரின் காரில் அது முதலில் எரிந்தது 2022இன் பிற்பகுதியில்.

அந்த வருடத்தை இலங்கையில் கார் வைத்திருந்த யாரும் மறக்கமாட்டார்கள். ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாய் ஆனது. ஷெட்டுக்கு முன்னால் வரிசையில் இரவைக் கழித்தவர்கள் உண்டு. பிறகு கியூஆர் அட்டை வந்து, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். 2020 மார்ச்சிலிருந்தே வாகன இறக்குமதி நின்றுபோனதால் பழைய கார்களின் விலை வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சருடையது மூன்று சிலிண்டர் கொண்ட சின்ன ஜப்பான் கார், 2008இல் செய்தது, ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்த பிறகு இங்கே வந்தது. பெற்றோல் குறைவாகக் குடிக்கும் என்பதால் அதன்மீது அவருக்குத் தனிப் பிரியம்.

கேகாலையில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் தங்கச்சியோடு திரும்பிக்கொண்டிருந்தார். மாவனல்லை கடந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் கார் முனகியது. முன்னால் ஒரு லொறி. அதை முந்த மிதித்ததும் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. ஸ்டியரிங் கையில் நடுங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது; எரிந்தது மட்டுமில்லை, விட்டு விட்டு மினுங்கியது.

"அக்கா, பிள்ளையாரப்பனைக் கும்பிட்டுக்கிட்டு நிப்பாட்டுங்க" என்றார் தங்கச்சி.

டீச்சர் காலை எடுத்ததும் மினுங்கல் நின்று விளக்கு ஒரே சீராக எரிந்தது. ஓரமாக ஒரு கடைக்கு முன்னால் நிறுத்தினார். இலங்கையில் வீதியோரம் பொனட்டைத் திறந்தால் தனியாக நிற்க முடியாது. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்றார். இறங்கிவந்த லொறிச் சாரதி, பெற்றரி வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்து மாட்டினால் லைட் போய்விடும் என்றார். மோட்டார் சைக்கிள் பையன் ஒருவன் ஃபோனில் தேடி, "பெற்றோல் மூடியை இறுக்கிப் பாருங்க ஆன்ட்டி" என்றான்.

மூன்றும் வாயில் வந்த பேச்சில்லை. கலப்படப் பெற்றோலால் எஞ்சின் தடுமாறுவது உண்டு. ஆனால் ஊற்றிய அன்றே, எல்லா சிலிண்டரும் சேர்ந்து தடுமாறும். மூடி விஷயம் அமெரிக்காவிலிருந்து வந்த புத்திமதி. தாங்கியிலிருந்து பெற்றோல் ஆவி கசிகிறதா என்று கார் தானே சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அங்கே மூடி தளர்ந்தாலும் விளக்கு எரியும். ஐரோப்பிய விதி அந்தச் சோதனையைக் கேட்கவில்லை.

பெற்றரி கழற்றுவதுதான் மூன்றிலும் மோசமானது. விளக்கு போவது உண்மை. கூடவே கோளாறின் இலக்கமும் போய்விடும். விளக்கு எரிந்த கணத்தில் எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றியது, எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு சுமை இழுத்தது என்று கம்பியூட்டர் குறித்துவைத்த விவரமும் அழிந்துவிடும். நல்ல மெக்கானிக் முதலில் தேடுவது அந்தக் குறிப்பைத்தான். டீச்சர் பெற்றரியில் கைவைக்க யாரையும் விடவில்லை. ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் வாசிப்பை எழுதும் முன் கருவியை அணைத்தால் அவருக்கு வரும் கோபம் கண்டிப் பள்ளிக்கூட உலகில் பிரசித்தம்.

மெதுவாக ஏறி, 1832இல் கட்டிய டோசன் கோபுரத்தைத் தாண்டி, பிலிமத்தலாவைச் சமதரைக்கு வந்ததும் கார் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. தங்கச்சிக்கு அது பிள்ளையார் கருணை. காரணம் வேறு. ஏற்றத்தில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அடைபடும் கலவை அடர்த்தியாகிறது. அடர்த்தியான கலவைக்குள் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். பெற்றரியின் 12 வோல்ற்றைப் பல்லாயிரம் வோல்ற்றாக்கிக் கொடுக்கும் கொயில் தளர்ந்திருந்தால் சமதரையில் சமாளிக்கும், ஏற்றத்தில் கையை விரிக்கும். கொழும்பில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கக்கூடிய கோளாறு கடுகண்ணாவையில் ஒரே நாளில் வெளியே வரும். 1820களில் இந்த வீதியை வெட்டிய ஆங்கிலேய இராணுவப் பொறியியலாளர்கள் கண்டி இராச்சியத்தைக் கொழும்போடு கட்டிவைக்கத்தான் நினைத்தார்கள். நாட்டின் மிகக் கண்டிப்பான வாகனப் பரிசோதனை நிலையத்தையும் சேர்த்தே அமைத்துவிட்டார்கள்.

மறுநாள் முல்கம்பொலையில் ஒரு கராஜ். நடத்துபவர் அக்குறணைக்காரர், டீச்சருக்கு அவர் நாநா, அவருக்கு இவர் டீச்சர். அவருடைய இரண்டு மகன்களும் டீச்சரிடம் படித்தவர்கள் என்பதால் காசு விஷயத்தில் இரு பக்கமும் கொஞ்சம் கூச்சம் உண்டு. நாநா தொண்ணூறுகளில் கொரோலாக்களோடு தொழில் பழகியவர். அந்தக் கார்களில் ஸ்கேனர் தேவையில்லை. பொனட்டுக்கு அடியில் உள்ள சின்னப் பெட்டியில் இரண்டு முனைகளைப் பேப்பர் கிளிப்பால் இணைத்தால் எஞ்சின் விளக்கே மினுங்கிக் கணக்குச் சொல்லும். இரண்டு மினுங்கல், சற்று நிறுத்தி ஐந்து மினுங்கல் என்றால் இருபத்தைந்து. எண்ணி முடிக்கும்வரை கராஜில் யாரும் பேசக்கூடாது. இப்போது ஸ்டியரிங்குக்கு அடியில் பதினாறு துளைச் சொக்கற்றில் ஸ்கேனரைச் செருகுகிறார். ஃபோனோடு வேலை செய்யும் மலிவு ஸ்கேனரும் ஒன்று மேசையில் கிடந்தது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த சில பழைய கார்களோடு அது பேசாது என்பதால், பெரியதையே எடுத்தார்.

திரையில் வந்தது பி0302.

முதல் எழுத்து எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது என்பதைக் காட்டுகிறது. அடுத்த பூச்சியம், எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான இலக்கம் என்பதற்கு. ஒன்று இருந்தால் அந்தக் கம்பனி தனக்கென்று வைத்துக்கொண்டது. அதற்கு அடுத்த 3 எரியூட்டல் வரிசை. கடைசி 2, இரண்டாவது சிலிண்டர். ஆகமொத்தம், இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது.

அங்கே நின்ற இன்னொரு வாடிக்கையாளர் உடனே, "அப்ப கொயில் போயிருக்கு, மாத்துங்க" என்றார். நாநா சிரித்தார்.

"நம்பர் சொல்றது எந்த வூட்டுல சண்டையெண்டு மட்டுந்தான் டீச்சர். ஆரு தொடங்கினதெண்டு நாங்கதான் கேட்டுப் பார்க்கணும்."

சண்டை தொடங்கியவர்கள் பலராக இருக்கலாம். பிளக், கொயில், பெற்றோல் தூவும் இன்ஜெக்டர், வால்வு, எலி கடித்த வயர். இவற்றில் எதையும் கம்பியூட்டர் நேரில் பார்ப்பதில்லை. அது பார்ப்பது கிராங்க் தண்டின் வேகத்தை மட்டும். ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் தண்டுக்கு ஓர் உந்துதல் கிடைக்கிறது. ஒன்று எரியாமல் போனால் அந்த இடத்தில் தண்டு ஒரு துளி பிந்துகிறது. எது பிந்தியது என்று கம்பியூட்டர் எண்ணிக்கொண்டே வருகிறது. 200 சுற்றுக்கு ஒருமுறை கணக்கைப் பார்க்கும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் அதற்குள் 300 தடவை எரிந்திருக்கவேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நான்கு செக்கன்தான். அதற்குள் தவறுகள் அளவு கடந்தால் விளக்கு மினுங்கும். எரியாத பெற்றோல் சைலன்சர் குழாய்க்குள் போய், அங்கே கொதித்துக்கொண்டிருக்கும் கட்டலிற்றிக் கொன்வெர்ட்டரில் எரிந்து அதை உருக்கிவிடும் ஆபத்து வந்துவிட்டது என்பதே மினுங்கலின் பொருள். மினுங்கினால் காலை எடுக்கவேண்டும், ஓரம் கட்டவேண்டும். சீராக எரிந்தால் அவசரம் அவ்வளவில்லை. கராஜுக்குப் போய்ச் சேரலாம். ஒயிலுக்கும் சூட்டுக்கும் எரியும் சிவப்பு வேறு சாதி, அதற்கு எஞ்சினை அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும்.

குழியில் விழுந்து எழும்பும் சக்கரமும் கிராங்க் தண்டை இப்படித் தடுமாறவைக்கும். அதனால் கரடுமுரடான வீதியை அடையாளம் கண்டு, அப்போதைக்கு எண்ணுவதை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டைப் பல கம்பனிகள் செய்திருக்கின்றன. தெல்தெனிய தாண்டி உள்ளே போகும் சில வீதிகளில் அந்தக் கம்பியூட்டர் எண்ணவே ஆரம்பிக்காது என்பது நாநாவின் நகைச்சுவை.

அடுத்து அவர் செய்த காரியம் டீச்சருக்கு மிகவும் பிடித்துப்போனது. புதுச் சாமான் எதையும் எடுக்கவில்லை. இரண்டாவது சிலிண்டரின் கொயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார். மூன்றாவதன் கொயிலை இரண்டாவதில். பிளக்குகளைத் தொடவில்லை. குறிப்புகளை எழுதிக்கொண்டு பழைய இலக்கத்தை அழித்தார். பிறகு சமதரையில் ஓட்டவில்லை. எஞ்சின் எந்தச் சுமையில் தடுமாறியது என்று கம்பியூட்டர் குறித்திருந்ததோ அதே சுமை வரும் இடமாகப் பார்த்து, ஹந்தானைக்கு ஏறும் ரோட்டில் டீச்சரையும் ஏற்றிக்கொண்டு மிதித்தார். இரண்டாவது வளைவுக்குள் கார் வெட்டத் தொடங்கியது. திரையில் பி0303.

கோளாறு கொயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. அப்படியானால் கொயில்தான். இலக்கம் 2இலேயே நின்றிருந்தால் அடுத்ததாகப் பிளக்கை மாற்றிப் பார்ப்பார், அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், கடைசியாக கொம்பிரஷன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று டீச்சர் வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியதை, சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய ஒருவர் ஒயில் கையோடு செய்துகாட்டினார். சாமானை ஊகித்து மாற்றும் கராஜில் இதே காருக்கு மூன்று கொயில், மூன்று பிளக், ஓர் ஒட்சிசன் சென்சர் என்று பில் எழுதியிருப்பார்கள். நல்லது, அதிலும் கோளாறு தீர்ந்திருக்கும். ஏன் தீர்ந்தது என்று மட்டும் யாருக்கும் தெரிந்திருக்காது.

பிளக்குகளையும் கழற்றிக் காட்டினார். இரண்டு இளம் மண்ணிறம். நடுவில் இருந்தது கறுத்து ஈரமாக இருந்தது. மூன்றிலும் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது. கொயில் தளர்ந்ததற்கு அதுவும் காரணம். இடைவெளி அகல அகல, பொறியைப் பாய்ச்சக் கொயில் கூடுதல் மின்னழுத்தம் கொடுக்கவேண்டும். வருடக்கணக்கில் அப்படி உழைத்து அதன் காப்பு வெடிக்கிறது. எனவே கொயில் ஒன்று, பிளக் மூன்று. கொயில் புதிதா, பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பழையதா என்று கேட்டார். கொழும்பு பஞ்சிகாவத்தை இல்லாவிட்டால் இறக்குமதி நின்ற வருடங்களில் நாட்டில் பாதி வாகனம் கட்டையில் ஏறியிருக்கும். ஆனாலும் கொயிலைப் பொறுத்தவரை பழையது என்பது அடுத்து எப்போது போகும் என்று தெரியாத ஒன்று. டீச்சர் புதியதைக் கேட்டார்.

இந்த விளக்கை ஏன் வைத்தார்கள் என்ற கேள்வி வீட்டுக்குப் போன பிறகு அவரைத் தொற்றிக்கொண்டது. காரின் சொந்தக்காரருக்கு உதவி செய்யத்தான் என்று எல்லோரும் நினைக்கிறோம். அதன் பூர்வீகம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கெட்ட காற்று. மலைகள் சூழ்ந்த அந்த நகரில் கண் எரியவைத்த மூட்டத்துக்குக் காரணம் தெரியாமல் இருந்தது. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற நெதர்லாந்துக்காரர், கல்டெக் நிறுவனத்தின் உயிரிரசாயனவியலாளர், அந்தக் காற்றையும் அதே முறையில் ஆராய்ந்தார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஐதரோகாபன்கள் நைதரசன் ஒட்சைட்டுகளோடு சூரிய ஒளியில் தாக்கமடைந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் ஆரம்பத்தில் காட்டினார். பின்னாளில் கலிபோர்னியாவின் காற்று வளச் சபைக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சபைதான் 1988ஆம் வருட மொடல்களிலிருந்து கார்கள் தம் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாமே கண்காணிக்கவேண்டும் என்று விதித்தது. 1996இலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே சொக்கற், ஒரே இலக்க வரிசை. ஐரோப்பா பெற்றோல் கார்களுக்கு 2001இல் அதைப் பின்பற்றியது.

ஆக அந்த மஞ்சள் விளக்கு முதலில் காவல் காப்பது காற்றை. அதனால்தான் எஞ்சின் வெண்ணெய்போல் ஓடும்போதும் அது சில வேளை எரிகிறது. பிரேக் தேய்ந்து உயிருக்கு ஆபத்து வந்தாலும் அது எரியாது. ஒரு தடவை தவறியதும் பதறுவதும் கிடையாது. பெரும்பாலான கோளாறுகளில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே தவறைக் கண்டால்தான் எரியும், தொடர்ந்து மூன்று ஓட்டம் சரியாக இருந்தால் தானே அணையும். இலக்கம் மட்டும் உள்ளே இன்னும் கொஞ்ச நாள் தங்கும்.

கண்டியும் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குள் புகை தங்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராக இருந்த ஒலிவர் இலேபெரும போன்றவர்கள் கண்டியின் காற்றைப் பற்றி நெடுங்காலமாக எச்சரித்துவந்திருக்கிறார்கள். 1998 ஜனவரியில் தலதா மாளிகை மீது குண்டுத்தாக்குதல் நடந்தபின், மாளிகைக்கு முன்னால் போகும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதனால் வாவியைச் சுற்றி வண்டிகள் ஊர்கின்றன. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாவிக்கரையில் கண்ணாடியை இறக்கிவைத்துப் பார்த்தால், ஹாகன்-ஸ்மிட்டின் பரிசோதனை இங்கேயும் நடப்பது மூக்குக்குத் தெரியும்.

டீச்சருக்கு இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. கட்டலிற்றிக்குக்குள் தேன்கூடுபோல் இருக்கும் பீங்கானில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறது. காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் அதில் பட்டுக் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறும். பெற்றோலில் ஈயம் இருந்தால் அந்தப் பூச்சின்மீது படிந்து அதைக் கொன்றுவிடும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 ஜூனில்தான் நின்றது. அதற்கு முன் இங்கே வந்திறங்கிய ஜப்பான் கார்கள் எத்தனை நல்ல கட்டலிற்றிக்கை வந்த வருடத்திலேயே இழந்திருக்கும்!

இப்போது அது வேறு வழியில் போகிறது. உள்ளே இருக்கும் உலோகங்களுக்கு நல்ல விலை. "அடைச்சிருக்கு, கழட்டிட்டா பிக்கப் வரும்" என்று சொல்லிப் பீங்கானை உடைத்தெடுத்து விற்கும் வியாபாரம் உண்டு. எடுத்த மறுவாரம் பி0420 எரியும்: முன்னால் இருக்கும் ஒட்சிசன் சென்சரும் பின்னால் இருப்பதும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றன, நடுவில் வேலை செய்ய யாரும் இல்லை என்று பொருள். அதற்கும் வைத்தியம் வைத்திருக்கிறார்கள். பின்சென்சருக்கு அடியில் ஒரு குழாய்த் துண்டை வைத்துப் புகையிலிருந்து விலக்கிவிடுவார்கள். 2008இல் ஆரம்பித்த வருடாந்தப் புகைப் பரிசோதனை சைலன்சர் நுனியில் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறது. சாரதிக்கு முன்னால் எந்த விளக்கு எரிகிறது என்பது அதன் கணக்கில் வராது. விளக்கு எரிய எரியச் சான்றிதழ் வாங்கியவர்களை நாநாவுக்குத் தெரியும்.

அந்த மழைக்காலம் முடிந்தபின் டீச்சரின் காரில் விளக்கு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை பி0171: காற்று கூட, பெற்றோல் குறைவு. நாநா காரை நிறுத்திவைத்தபடியே இரண்டு எண்களைப் பார்த்தார். சும்மா ஓடும்போது கம்பியூட்டர் வழக்கத்தைவிட எத்தனை வீதம் கூடுதலாகப் பெற்றோல் ஊற்றுகிறது? மிதித்து 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனால் எத்தனை? பத்து வீதத்துக்குள் இருந்தால் சாதாரணம். சும்மா ஓடும்போது எண் மிக உயரத்தில் இருந்தது, மிதித்ததும் இறங்கிவிட்டது. பெற்றோல் பம்போ வடியோ பலவீனமாக இருந்தால் மிதிக்க மிதிக்க எண் ஏறவேண்டும். இறங்கினால், அளக்கும் சென்சரைத் தாண்டி எங்கோ ஓட்டை வழியாகக் காற்று நுழைகிறது; எஞ்சின் அதிகம் காற்று குடிக்கும்போது அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு சிறுத்துப்போகிறது. பிறகு தேட வேண்டியது கசிவை மட்டும். எஞ்சினுக்குப் பின்புறம் ஒரு ரப்பர் குழாயில் பல் தடம். வீட்டுக்குப் பின்னால் பலாமரம், அதில் அணில், கராஜுக்குள் எலி. யார் கடித்தது என்பது முடிவாகாத வழக்கு. குழாய்க்கு ஆன செலவைவிட நாநாவின் மனைவி கொடுத்த வட்டிலப்பம் பெரிது.

2023இல் டீச்சரின் அண்ணன் மகளுக்கு வங்கி வேலை கிடைத்து, கடனுக்கு ஒரு பழைய கார் பார்த்தாள். குண்டசாலையில் ஒரு வீட்டில் நின்றது. வெளிறாத வெள்ளை, புது மெத்தை உறை, கழுவிப் பளபளத்த எஞ்சின். சொந்தக்காரர் கண்டிக்கே உரிய மரியாதையோடு தேநீர் கொடுத்தார். டீச்சர் தேநீரை வைத்துவிட்டுச் சாரதி ஆசனத்தில் ஏறி, எஞ்சினை உயிர்ப்பிக்காமல் சாவியை மட்டும் ஒரு படி திருப்பினார். அந்த நிலையில் எச்சரிக்கை விளக்குகள் ஒரு தடவை எரிந்து தங்களைக் காட்டவேண்டும்; பல்ப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. ஒயில் எரிந்தது. பெற்றரி எரிந்தது. எயார்பேக் எரிந்து அணைந்தது. எஞ்சின் படம் இருக்கவேண்டிய இடம் கறுப்பாகவே இருந்தது.

சாவியை மூடி மறுபடி திருப்பினார். அதே கறுப்பு.

"அது எரியாம இருக்கிறது நல்லதுதானே மிஸ்" என்றார் சொந்தக்காரர்.

"எஞ்சின் ஓடும்போது எரியாம இருந்தா நல்லது" என்று சொல்லிவிட்டு, ஸ்கேன் பண்ண முல்கம்பொலை வரைக்கும் காரைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார் டீச்சர். சொந்தக்காரருக்கு அன்று பின்னேரம் வேறு வேலை இருந்தது, மறுநாளும் இருந்தது. அண்ணன் மகள் முற்பணமாகக் கொண்டுவந்த காசோலையைக் கைப்பைக்குள் திருப்பி வைத்தாள். "அத்தை, பிலிமத்தலாவையில இன்னொண்டு இருக்காம், விலை கொஞ்சம் கூட" என்றாள் கேற்றுக்கு வெளியே வந்ததும். இருவரும் அங்கே போனார்கள்.